சிங்கூர் வரை ஒரு வெள்ளோட்டம்

காலை ஆறேகாலுக்கு ஜீடிமெட்லாவில் செல்வராஜின் பட்டறையிலிருந்து புறப்பட்டோம். முன்னால் எங்கள் பழைய டீசல் ஜீப். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய, பதினான்கு அடி நீளமுள்ள ஒரு வெள்ளை வீடு. சிங்கூர் அணை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே போய், சோறு பொங்கிச் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். இது ஒழுங்காக நடந்தால் ஜனவரியில் கட்ச்: ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர், போவதற்கு மட்டும் ஆறு நாள். நடக்காவிட்டால் மாரெட்பள்ளி வீட்டு பால்கனிதான் எனக்குக் கட்ச்.

ஊர் சுற்றி எழுதுகிறவர்கள் அடுத்து வரும் விஷயத்தை எழுத மாட்டார்கள். நான் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி எதுவும் புரியாது. எட்டு வருடத்துக்கு முன் எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து வயிற்றின் இடப்பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கிறது. மலம் அதில்தான் இறங்கும், எப்போது இறங்கும் என்பது என் கையில் இல்லை. அதை மாற்ற எனக்குக் கால் மணி நேரம், நல்ல வெளிச்சம், தண்ணீர், சாமான் வைக்க ஒரு மேடை, தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். ஒரே ஒரு தடவை, காஜிப்பேட்டை தாண்டி, ஆடும் ரயிலின் கக்கூஸில் மாற்றிப் பார்த்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு நெருங்கிய சொந்தத்தில் நாலு கல்யாணம், இரண்டு சாவு. எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன்.

என் கணவர் தேவசகாயம் ரயில்வே பணிமனையில் முப்பத்துநான்கு வருடம் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். போன வருடம் ஓய்வு பெற்றார். வீட்டில் சும்மா உட்கார்ந்த மூன்றாவது வாரம், "நீ வீட்ட விட்டு வரமாட்ட, அவ்ளோதான எஸ்தரு? வீட்டையே இழுத்துட்டுப் போயிடலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே என்னைச் செல்வராஜிடம் அழைத்துப் போய்விட்டார்.

செல்வராஜின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். பேரன் பேசுவது தமிழ், நடுநடுவே ஊர் உருது. பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வண்டியின் அளவை வரைந்து, மூலையில் குளியலறைக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டார். அது போதாது என்றேன்.

"கைக்கு அக்கா, எதுக்கு? மூணடி போதும். கிச்சன பெருசா வெச்சுக்கலாம்."

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே எதையோ பார்த்தார். எட்டு வருடமாக இந்த இடத்தில் நானும் அப்படித்தான் எதையாவது பார்த்துச் சமாளித்திருக்கிறேன். அன்று ஏனோ சொல்லிவிட்டேன். பை, தண்ணீர், மேடை எல்லாவற்றையும், முன்பின் தெரியாத ஒரு ஆளிடம். காது இரண்டும் சுட்டது. செல்வராஜ் போட்ட கோட்டைக் காலால் அழித்துவிட்டு அரையடி தள்ளிப் போட்டார்.

"உள்ள வந்து நில்லுங்கக்கா. இப்ப முழங்கைய விரிங்க. இடிக்குதா?"

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அப்படி அமைந்ததுதான் வண்டியின் வால்பக்கத்து அறை. இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, எதிரே கண்ணாடி, தலைக்கு மேல் விளக்கு, சுவரை ஒட்டி நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

எங்கே போவது என்பதில் கணவர் வேளாங்கண்ணி, அரக்கு என்று அடுக்கினார். நான் கட்ச் என்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு, ஒரு புதர்கூட மறைவுக்குக் கிடையாது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு வெறி. எட்டு வருடம் மறைவு தேடியே அலுத்துப்போனவளுக்கு வேறெந்த ஊர் பிடிக்கும்? அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது, மொழியும் தெரியாது. அவர் ஒரு நோட்டு போட்டார். நாளுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர், அதற்கு மேல் கிடையாது. வண்டியைப் பின்னோக்கி எடுக்காமல் திருப்ப முடியாத எந்த இடத்துக்குள்ளும் நுழைவதில்லை. சோலாப்பூர், நாசிக், அகமதாபாத், பூஜ் என்று வழியில் வரும் ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் அகலமான பெட்ரோல் பங்க்குகளைக் குறித்தார். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மதியம் கூட்டம் கலைந்த பிறகு பின்னோக்கி ஓட்டிப் பழகினார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்வண்டி இடப்பக்கம் போகிறது. அது மண்டையில் ஏற அவருக்கு நாலு நாளும் மூன்று தக்காளிக் கூடைகளும் ஆயின.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் சாமான் ஏற்றினோம். வெளியூர்த் தண்ணீரை நம்பாத நான் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். அவர் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் முன்மூலையில் அடுக்கினார். செல்வராஜ் தலையைச் சொறிந்தார்.

"நக்கோ அண்ணே, வேணாம். கனத்த சாமானெல்லாம் சக்கரத்துக்கிட்ட இருக்கணும். கொக்கி மாட்டுற மூக்கு கொஞ்சம் கனமா இருக்கணும்."

"முப்பத்துநாலு வருஷம் பொட்டிதான்ப்பா பாத்திருக்கேன். ரெண்டு முனையும் சமமா இருந்தாத்தான் ஓடும்."

செல்வராஜ் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆறே முக்காலுக்கு துண்டிகல்லில் வெளிவட்டச் சாலை ஏறினோம். எட்டு வருடம் கழித்து நகரத்தின் விளிம்பைப் பார்க்கிறேன். இடையில் எத்தனை கட்டடம் முளைத்திருக்கிறது! ஏழு மணி இருக்கும், வேகம் எழுபத்திரண்டு. ஒரு டேங்கர் லாரி எங்களை முந்தியது. அதன் காற்று இழுத்ததும் இடப்பக்கக் கண்ணாடியில் எங்கள் வீடு தெரிந்தது. அடுத்த கணம் வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ தூக்கித் தூக்கிப் போடுவதுபோல் இருந்தது. பின்வண்டி ஆடினால் பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர், அவரே மிதித்தார். ஆட்டம் இன்னும் கூடியது. "ஏசுவே!" என்று கத்தினேன். அவர் காலை எடுத்தார்; வண்டி தானாக வேகம் குறைந்து அடங்கியது. நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, இருபதில் ஊர்ந்து, சுல்தான்பூரில் இறங்கி ஒரு பொட்டலில் நிறுத்தினோம்.

அவர் இன்ஜினை அணைத்தார். "போதும் எஸ்தரு. திரும்பிடலாம். கட்ச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒன்ன ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டியாந்தது ரோட்ல சாகடிக்கவா?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பயத்தில் பை நிரம்பி, ஓரம் விட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் என் பயணங்கள் முடியும். இறங்கி, பின்வண்டிக்குள் ஏறி, கதவைத் தாழிட்டு விளக்கைப் போட்டேன். மேடையில் சாமான்களை வரிசையாக வைத்தேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பழையதை எடுத்து, கழுவி, துடைத்து, புதியதை ஒட்டினேன். பன்னிரண்டு நிமிடம். முழங்கை எங்கும் இடிக்கவில்லை. முடித்துவிட்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் நான் சுத்தமாக நிற்கிறேன் என்பதற்காக. அழுகை அடங்கியபோதுதான் கவனித்தேன், செலவானது மூன்று குவளைத் தண்ணீர்.

வெளியே வந்தபோது அவர் செல்வராஜிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் இறங்கியிருந்தது. "மூக்க ஒரு கையால தூக்கிப் பாருங்கண்ணே. தூக்க முடிஞ்சா தப்பு" என்று அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டது. கொக்கியைக் கழற்றித் தூக்கினார். ஒரு கைக்கே வந்துவிட்டது.

"கோச்சுக்கு ரெண்டு முனையிலயும் சக்கரம் அண்ணே. ஒங்க வண்டிக்கு நடுவுல ஒரே ஜோடி. வால்ல நூறு லிட்டர் தண்ணி ஆடினா அது தராசு மாதிரிதான் ஆடும்."

"ஹவ், ஆமா செல்வராஜ். என் தப்புதான்" என்றார் கணவர். கல்யாணமான முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"என் தப்பும்தான்" என்றேன். "தொட்டியத் தெறந்து விடுங்க."

"தண்ணியில்லாம நீ என்ன பண்ணுவ?"

"ரெண்டு கேன் போதும். திரும்பிப் போற பேச்ச மட்டும் எடுக்காதீங்க."

குழாயைத் திறந்தோம். நான் பயந்து பயந்து சேர்த்த தண்ணீர் பொட்டல் மண்ணில் ஓடி மறைய இருபது நிமிடம் ஆனது. இரண்டு கேன் தண்ணீர், அரிசி, சிலிண்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தள்ளிக் கட்டினோம். மறுபடி மூக்கைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் ஒரு முக்கலும் தேவைப்பட்டன. எட்டேகாலுக்கு மறுபடி சாலை ஏறினோம். ஒரு லாரி முந்தியது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பின்வண்டி லேசாகத் தோளைக் குலுக்கிவிட்டு நேரானது. முத்தங்கியில் டீ பன்னிரண்டு ரூபாய். அவர் இரண்டு குடித்தார். சங்காரெட்டி தாண்டி ஜோகிபேட்டைச் சாலையில் ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது.

பத்து மணிக்கு சிங்கூர். கடல் மாதிரி தண்ணீர். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து, "லோபல இல்லு உந்தாம்மா?" என்று கேட்டார். உள்ளே வீடா இருக்கிறது என்கிறார். "உந்தி", இருக்கிறது என்று கதவைத் திறந்து காட்டினேன். என் அறையைப் பார்த்துவிட்டு, இதற்குள் ஒரு கட்டிலே போட்டிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார். கணவர் வேப்பமர நிழலில் நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் சாமான் அடுக்கும் முறையைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். மாரெட்பள்ளியில் இந்நேரம் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். இங்கேயும் அதைத்தான் செய்தேன். ஆனால் நிமிர்ந்தால் எதிர் வீட்டு மொட்டைமாடிக்குப் பதில் தண்ணீர் தெரிந்தது.

பத்தரைக்கு என் தங்கை போன் செய்தாள். அரக்கோணத்தில் சமையலை முடித்துவிட்டு அவள் தினமும் பேசும் நேரம் அது. காரியம் நடந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இந்த வண்டி விஷயத்தை அவளிடம் மூச்சு விடவில்லை.

"என்னக்கா, வீட்லதான இருக்க?"

"இல்லடி."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். குரல் உடைந்திருந்தது.