செல்லையன் அண்ணாச்சியின் நட்சத்திரமும் என் தென்னை ஓலையும்

பக்கத்து வீட்டுச் செல்லையன் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மனைவி, எனக்கு மதினி, போனில் சொன்னபோது நான் வடசேரி டீக்கடையில் அவரைப் பற்றித்தான் புறணி பேசிக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் டீ சூடு என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியை ஊருக்குக் கடை ஷட்டர் ரிப்பேர்க்காரராகத்தான் தெரியும். பழைய ஷட்டர் மோட்டார் ஒன்றை மொட்டைமாடிக் கொட்டகையின் கூரைக்குப் பூட்டி, உள்ளே பால்கேன் பருமனில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். இருட்டியதும் கூரை தானே விலகும். ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்களைத் தொலைநோக்கி தானே தேடிப் படமெடுக்கும். தூறல் விழுந்தால் கூரை மூடிக்கொள்ளும். அண்ணாச்சி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். "குறட்டை விட்டே வானத்தை ஆராய்கிறவர்" என்று ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான். அது அவர் காதுக்கும் போயிற்று.

"காவலுக்கு ஆளும் வச்சு, நானும் முழிச்சிருக்கணுமா மக்கா?" என்றார்.

ஒருநாள் காலை கணினியில் வரைபடத்தைக் காட்டினார். ஒரு நட்சத்திரம் மங்கியதா என்று அறிய, பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிடுவார்கள். அன்று எல்லாமே சேர்ந்து மங்கியிருந்தன.

"எல்லாம் ஒண்ணுபோல மங்கினா குத்தம் ஆகாசத்துல இல்ல மக்கா. உன் தென்னையில."

என் மரத்தின் இரண்டு ஓலைகள் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் காத்திருந்ததோ ஓர் இரட்டை நட்சத்திரத்துக்கு. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைத்து, சில நாள் மங்கும். போன முறை மழைமேகம் கெடுத்தது. இந்த மாதம் மறுபடி மறைய இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வெட்டுகேன் அண்ணாச்சி."

"எந்த ஞாயிறு? நட்சத்திரம்கூட நாள் சொல்லிட்டுல்லா வருது. உனக்குத்தான் நாளே கிடையாது."

மூன்று ஞாயிறு போயிற்று. நாலாவதற்கு முன் அண்ணாச்சி போனார்.

அடக்கம் முடிந்த மறுநாளே தேங்காய் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தேன். ஓலைகள் விழுந்தன.

"இதுக்கு அவரு சாவணுமா?" என்றார் மதினி. நான் ஓலைகளை இழுத்து ஓரமாகப் போட்டேன்.

கொட்டகையை யாரும் நிறுத்தவில்லை. நான்கு நாள் கழித்துக் காலையில் கணினியைத் திறந்தோம். மற்றவை நேர்கோடாக நிற்க, அண்ணாச்சியின் நட்சத்திரம் மட்டும் இறங்கியிருந்தது.

"மங்கிட்டு மதினி!" என்று கத்தினேன். துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு சொன்ன நாளா?"

"அதே நாள்."

மதினி முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

வேறு ஊர்களில் இதே நட்சத்திரத்தைக் கவனிக்கிறவர்களுக்குக் கணக்கை அனுப்ப வேண்டும். அனுப்பும் படிவம் பார்த்தவர் பெயர் கேட்டது. செல்லையன் என்று அடித்தேன். பொய் இல்லை. எப்போதுமே அவர் தூங்கும்போது பார்த்ததுதானே.

எனக்கென்று அவர் விட்டுப்போனதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, ஓலை வெட்ட ஆள் வருவார். நாள் சொல்லியாயிற்று.