முதலாளி கட்டிய எலுமிச்சம்பழம்

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் சேலைக்கு டிசைன் போடுவது என் வேலை. ஒரு வாரமாகக் கடைக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துகொண்டே இருந்தது.

முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. இன்று காலை சிபியூவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டிவிட்டார்.

"எவன் கண்ணு பட்டுச்சோ, ஒரே பேஜாரா கீதும்மா. இனிமே பாரு, ஜம்முனு ஓடும்."

ஓடியது. கல்யாணச் சேலையின் பார்டரை நான் பாதி வரையும் வரை. பிறகு பொசுக்கென்று அணைந்தது. சேவ் செய்யாத அத்தனை பூவும் போச்சு. டிசைனை வாங்க வந்த தறிக்காரரோ வாசலில் காத்திருக்கிறார்.

ஆத்திரத்தில் சிபியூவைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால், காற்று போகும் ஓட்டை மொத்தத்தையும் மூடி, சேலை போடும் பிளாஸ்டிக் கவரை யாரோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

"சார், இது யார் வேலை?"

"நான்தாம்மா போன வாரம் ஒட்னேன். பட்டுக்கே கவர் போட்டுத்தான வெச்சிகினு இருக்கோம்? இதுல மட்டும் தூசி அடையலாமா?"

கவரைக் கிழித்து எறிந்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை. பார்டரை மறுபடி முதலிலிருந்து வரைந்து முடித்தேன்.

டிசைனைக் கொடுக்கும்போது முதலாளி தறிக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "பழம் கட்னேன் பாரு, அதோட திருஷ்டி கழிஞ்சிடுச்சி."

அப்படியே என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்தக் கவரு கிழிஞ்சி போச்சே. புதுசா ஒண்ணு ஒட்டிட்டுப் போ."

உங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது ஆளா, எலுமிச்சம்பழமா?