அடைக்காமல் விட்ட வரத்துக்கால்

நான் மணமேல்குடிக் கடற்கரையில் வளர்ந்தவள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கொல்லைக் குட்டையை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போயிற்று. நாலு பக்கமும் செம்புறாங்கல் கட்டிய சின்னக் குட்டை. ஓட்டுக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் ஒரு வரத்துக்கால் வழியாக ஓடிவந்து அதில் சேரும். மேலே பாசி மூடிக் கிடக்கும். காற்றடித்தாலும் அசையாது.

என் கணவரின் அக்கா மகள் அதில்தான் விழுந்து இறந்தாள். சின்னப் பெண். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய வருஷம் நடந்தது. அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குட்டையின் கல்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். தண்ணீரைப் பார்த்துச் சன்னமாகப் பேசுவார். நடுவில் நிறுத்தி, பதில் கேட்டவர் போலத் தலையாட்டுவார். "இன்னிக்கு ரசந்தான் வச்சோம். ஒனக்குப் பிடிக்காதுல்ல" என்று ஒரு நாள் சொன்னது என் காதில் விழுந்தது.

என் மகன் தவழத் தொடங்கினான். வீட்டில் எங்கே இறக்கிவிட்டாலும் நேரே குட்டைப் பக்கம்தான் போவான். அதோடு என் பொறுமை போயிற்று.

"குட்டையத் தூத்துட்டு வாழை வைங்க. இல்லாட்டி புள்ளையத் தூக்கிட்டு எங்க ஊருக்குப் போறேன்" என்று கணவரிடம் கறாராகச் சொன்னேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். மதினியோ, "புள்ள இருக்கிற வீடு. தூத்துரு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தீர்த்திருப்பேன். அவர் அப்படிப் போனதுதான் என்னவோ போல இருந்தது.

அந்தப் பக்கத்தை ராஜா ஆண்ட சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டி வண்டியாக வண்டல் மண் அடித்துக் குட்டையை நிரப்பினார்கள். கடைசியில் வரத்துக்காலுக்கு வந்ததும் வேலை நின்றது. கல் வைத்து அதை அடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. "வர்ற தண்ணிய மறிக்கக் கூடாதுங்க" என்றார் வண்டிக்காரர். என் கணவரும், "கெடக்கட்டும், வாழைக்காவது பாயட்டும்" என்றார். மழைக்கு ஏங்கிக் கிடக்கிற சீமை அது. குட்டையே போன பிறகும் அதற்கு வரும் தண்ணீரை மறிக்க அவர்களுக்கு மனம் வராது. கடற்கரைக்காரியான எனக்கு இது விளங்கவில்லை. குட்டை ஒழிந்ததே போதும் என்று இருந்தேன்.

வாழை மளமளவென்று வந்தது. ஆனால் ஒரு கன்றும் நேராக நிற்கவில்லை. எல்லாம் நடுப்பக்கம் சாய்ந்து, எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றன. ஐப்பசி மழை பிடித்ததும் நடுவில் மண் தாழ்ந்தது. மேலே கொட்டி நிரவினால் அடுத்த மழைக்கு மறுபடியும் தாழும். மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் மண்ணுக்குள்ளிருந்து, குடத்தில் தண்ணீர் மொள்ளுவது போல ஒரு சத்தம் கேட்கும். தவளை கத்தும். வாழையைச் சுற்றித் தேடினால் ஒரு தவளையும் இருக்காது.

மதினி மட்டும் வழக்கம் மாறாமல் சாயங்காலம் அங்கே போனார். படி புதைந்துவிட்டதால் ஓரமாக வெறுந்தரையில் உட்கார்ந்து, தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன.

"இன்னும் அங்கிட்டு என்ன மதினி இருக்கு? உள்ள வாங்க."

"குட்டை இன்னும் வத்தலை ஆத்தா. அடியிலதான் கெடக்கு" என்றார்.

புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடைமழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மகன் அப்போது நன்றாக நடப்பான். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவனின் சத்தம் நின்றுபோயிருந்தது. எழுந்து பார்த்தேன், ஆள் இல்லை. கொல்லைக்கு ஓடினேன்.

வாழைகளுக்கு நடுவே மதினி குப்புறப் படுத்திருந்தார். அவர் கைகளுக்குள் என் மகனின் தலையும் தோளும் தெரிந்தன. மற்றதெல்லாம் மண்ணுக்குள். அவன் அழவில்லை. கீழே யாரோ பேசுவதைக் கேட்கிறவன் போலத் தலையைச் சாய்த்திருந்தான்.

"நீ கால் வைக்காத, பாரம் தாங்காது. பலகை கொண்டாந்து போடு" என்றார் மதினி. குரல் நடுங்கவில்லை. பலகையைப் போட்டு அதன்மேல் ஊர்ந்து போய் நானும் பிடித்து இழுத்தேன். மண் அவனைச் சுலபத்தில் விடவில்லை. விட்டதும் அந்தக் குழியில் கருப்பாகத் தண்ணீர் ஊறி ஏறியது. வரத்துக்கால் வழியாக வந்த மழையெல்லாம் வெளியேற வழியில்லாமல் கல்கட்டுக்குள் தேங்கி, வண்டலைக் கூழாக்கி வைத்திருந்தது. மேலே மட்டும்தான் தரை. மதினி சொன்னது அத்தனையும் நிஜம்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன். மதினி அவன் காலில் ஒட்டிய சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அழுகுற? அன்னிக்குத்தான் நான் இல்ல, அடுப்படியில உலை வச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "இன்னிக்கு இங்கிட்டுத்தான இருந்தேன்."

மறுநாள் என் கணவர் தன் கையாலேயே கல் வைத்து வரத்துக்காலை அடைத்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வாழை ஓரத்தில் மதினிக்கு நானே ஒரு மணையைக் கொண்டுபோய்ப் போட்டேன்.