காலண்டரில் வரைந்த கடல்

காலண்டரை மனிதர்கள் புத்தகம்போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படிப்பார்கள் என்று நம்பிய முட்டாள், எனக்குத் தெரிந்து கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவன்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா பேனரும் வடிவமைக்கிறவன். இருபது வருட அனுபவம் வேறு. நான்தான் அது.

கடல் மட்டத்தை ஆராய்கிற ஒரு பெண் விஞ்ஞானி என்னைத் தேடி வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர். நான் டாக்டர் என்றே கூப்பிடுவேன். கிள்ளானில் ஆற்றோரத்துத் தாழ்வான தெருக்களுக்குப் பருவநிலை மாற்றத்தைப் படக்கதையாகச் சொல்ல வேண்டுமாம். துண்டுப் பிரசுரம் கொடுத்தால் வடை மடிக்கத்தான் போகும் என்று பெரிய அனுபவசாலிபோலப் பேசி, "காலண்டர்ல போடுவோம் டாக்டர். ராகுகாலம் பார்க்கிற கண்ணு தானா படத்துக்கும் போகும்," என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அதிகம் படித்தவர்களைச் சம்மதிக்க வைப்பது எளிது.

மாதத்துக்கு ஒரு பக்கம். ஜனவரியில் புகை, பிப்ரவரியில் சூடு என்று கதை நகர்ந்தது. மார்ச்சில் கடல் வந்தது. அதற்கு மீசையும் கொம்பும் வரைந்திருந்தேன்.

"கடல் வில்லன் இல்லைங்க," என்றார் டாக்டர். "சூடானா தண்ணி விரியும். நிலத்துல இருக்கிற பனி உருகி அதோட சேரும். அவ்வளவுதான். கொம்பை எடுங்க."

கொம்பை எடுத்தேன். மீசைக்காகப் போராடி வென்றேன்.

ஆகஸ்ட் பக்கம்தான் என் பெருமை. கிள்ளான் ஆறு மழைநீரை மூட்டை கட்டிக்கொண்டு கடலின் வாசலில் நிற்கிறது, கூட்டம் பிதுங்கும் எல்ஆர்டி ரயில் கதவில் நிற்பவனைப்போல. "பாஸ், கொஞ்சம் தள்ளு லா," என்கிறது ஆறு. "இடமில்ல," என்கிறது கடல். பெருக்கு நேரம், அலையேறிக் கடல்மட்டம் உயரும் வேளை; அதுவே நிரம்பி வழிகிறது. ஆறு வேறு வழியில்லாமல் தெருவுக்குள் திரும்புகிறது. இதை வரைந்த அன்று என் கையை நானே குலுக்கிக்கொண்டேன்.

பெரிய பெருக்கு நாளில் மழையும் சேர்ந்தால் எதை முதலில் மேலே தூக்குவது, எந்தச் சுவிட்சை அணைப்பது என்பதையெல்லாம் டிசம்பரில் வைத்தேன். கதையென்றால் உச்சக்கட்டம் கடைசியில்தானே வர வேண்டும்?

வெள்ளம் அக்டோபரில் வந்தது.

தண்ணீர் வடிந்த மறுநாள் டாக்டர் என்னை அனுப்பினார், படம் யாருக்காவது பயன்பட்டதா என்று பார்த்து வர. காலண்டர் கொடுத்திருந்த தெருவில் தோசைமாவு அரைத்து விற்கிற ஓர் அக்காவின் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகள் ஊறிப் புளித்த வாடை. தரையில் இருந்த இரண்டு கிரைண்டர்களும் வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டிருந்தன. ஒரு மெக்கானிக் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். சுவரில் மட்டும் என் காலண்டர், நனையாமல், அக்டோபரைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

"அக்கா, எல்லாத்தையும் இதுல போட்டிருந்தோமே, பார்க்கலையா?"

"எங்க?"

எடுத்து டிசம்பரைத் திருப்பிக் காட்டினேன். படத்தில் ஓர் அம்மா கிரைண்டரை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன மாசம்ணே?"

"அக்டோபர்."

"வராத மாசத்த யாராச்சும் திருப்புவாங்களா? குடும்பத்துக்கு ஆகுமா?"

மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே, "அண்ணன் தீபாவளி வாழ்த்தப் பொங்கலுக்கு அனுப்புற ஆளு, விடுங்கக்கா," என்றார்.

என் வீட்டிலும் அதே வழக்கம்தான். என் சமையலறையில் தொங்கிய காலண்டரில்கூட, என் டிசம்பரை நான் திருப்பியதில்லை.

அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். "மாசக் கடைசிக்குள்ள கடைய வாடகைக்கு விட்ட முதலாளிக்குப் பதில் சொல்லணும். இங்கயே இருக்கவா, மேட்டுப்பக்கம் போகவான்னு. அங்க போனா இந்தத் தெரு ஆளுங்க மாவு வாங்க வர மாட்டாங்க. இங்க இருந்தா, திரும்பவும் தண்ணி வருமா?"

டாக்டருக்குப் போன் போட்டேன். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பெருக்கு இப்போது முன்பைவிட உயர்ந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் மழைக்கே தெரு நிறையும், இனி அடிக்கடி நடக்கும் என்றார். நான் அக்காவிடம் திரும்பினேன்.

"அதாவதுக்கா, நாள் சொல்ல முடியாது. ஆனா வாய்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? இப்ப ஒரு பகடைய வச்சுக்கோங்க..."

பென்சிலை எடுத்து, காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் பகடை. இரண்டாவதில் மீசையோடு கடல். அக்கா இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாவதில் கை வைத்தபோது சொன்னார்:

"வரும்னு சொல்லிட்டுப் போங்கண்ணே."