ஆய்வகத்தில் வளர்ந்த ஏத்தன்

தொழிலுறப்பு என்ற நூறு நாள் வேலை எங்கள் ஊருக்கு வந்த வருடம், நான் கால்வாய் வெட்டிய கூலியில் வீட்டுக்கு அரிசி உறுதியானது. அதுவரை என் கணவர் பழைய ஏத்தன் வாழையின் பக்கக் கன்றைத்தான் தோண்டி நடுவார். பாதி நோயில் போகும். ஆய்வகத்தில் வளர்த்த நல்ல கன்றுக்குக் காசு வேண்டும், அவருக்கோ பயம்.

"இந்தத் தடவ புதுக் கன்னு வாங்குவோம்" என்றேன்.

"காத்துல சாஞ்சு போச்சுன்னா?"

"போனா போட்டும். சோத்துக்கு என் மம்பட்டி இருக்குல்லா."

அவர் சிரித்துவிட்டார். மறுநாளே கன்று வாங்க இருவரும் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குப் போனோம். விரல் நீளக் கன்றுகளை இரண்டு அட்டைப்பெட்டிகளில் வைத்துக்கொண்டு தம்பானூர் பஸ் நிலையத்தில் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

"எந்தா சேச்சி, கீரையோ?" என்று மலையாளத்தில் கேட்டார் கண்டக்டர்.

"ஏத்தனாக்கும்" என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடு வந்து சாப்பிடக்கூட உட்காராமல் நட்டோம். மழைக்காற்றில் மூன்று சாய்ந்தன. மாதங்கள் கழித்து, மற்றவை எல்லாம் முன்னும் பின்னுமாக இல்லாமல் ஒரே வாரத்தில் குலை தள்ளின. அப்படியொரு காட்சியை நாங்கள் கண்டதேயில்லை. என்னோடு வேலை செய்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் மம்பட்டியோடு பார்க்க வந்தார்கள். கன்று வாங்கியது தன் யோசனை என்பதுபோல என் கணவர் அவர்களுக்கு ஒவ்வொரு குலையாகக் காட்டி விளக்கினார். நான் குலைகளை எண்ணிக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.