மேட்டில் மட்டும் வலித்த பல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். சந்தவாசலில் வீடு, ஜமுனாமரத்தூரில் வேலை என்று தினமும் மலைப்பாதை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மேடு. பெரிய மேடு இல்லை. ஆடுகள் அதை மேடு என்றே ஒத்துக்கொள்ளாது. ஆனால் பாதி ஏறியதும் எனக்கு இடது பக்கத் தாடையில், கடைவாய்ப் பல்லடியில் ஒரு வலி வரும்.

நான் நிறையப் படிக்கிறவன். மாரடைப்பு என்றால் நெஞ்சில் யானை உட்கார்ந்தது போல் இருக்கும், இடது கை இழுக்கும் என்பதெல்லாம் தெரியும். என் நெஞ்சில் யானை என்ன, பூனைகூட இல்லை. ஆகவே பல்தான் என்று தீர்ப்பெழுதினேன். பல் டாக்டர், "சொத்தை இருக்கு, ஆனா இந்த வலிக்கு இது காரணமாத் தெரியலையே" என்று இழுத்தார். நான் விடவில்லை, பிடுங்க வைத்தேன். மறுவாரமும் மேட்டில் வலித்தது. பக்கத்துப் பல்லைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

வலி வந்தால் நிற்பேன். இரண்டு நிமிஷத்தில் போய்விடும். அதுவரை மலையை ரசிப்பவன்போல முகத்தை வைத்துக்கொள்வேன். நான் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா சாக்கு விரித்துப் புளியும் சாமையும் விற்பார். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், தெனமும் வந்து நிக்கறீங்க, ஒரு நாளும் ஒன்னும் வாங்க மாட்டேன்றீங்க?"

பல்வலியைச் சொன்னேன். வாயில் கிராம்பு அடக்கியிருப்பதையும் சொன்னேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கீழ எறங்கும்போது வலிக்குதா?"

"இல்லை."

"சோறு துன்னும்போது?"

"இல்லை."

"மேடு ஏறுனா மட்டும் வலிக்கிற பல்லு எந்த ஊர்ல சார் இருக்குது? ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க. நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்க."

சிரித்துவைத்தேன். இத்தனை படித்தவனுக்குப் புளி விற்கிறவர் வைத்தியம் சொல்வதா என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம். இதை எழுதும்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள், நின்ற பிறகும் வலி போகவில்லை. சட்டை தொப்பலாக நனைந்தது. அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று அடுத்த அடி எடுத்துவைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள்.

"உக்காருய்யா மொதல்ல!"

அந்த அம்மாதான். மரியாதையெல்லாம் பறந்துபோயிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு, அந்த வழியாக வந்த மினி லாரியை மறித்து என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அரசு மருத்துவமனையில் நான் வாய் திறக்கும் முன்பே நர்ஸிடம், "பல்லுன்னு சொல்வாரு, நம்பாதீங்க" என்றார்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை செலுத்தினார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் நான் விழித்திருந்து திரையைப் பார்த்தேன். ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அங்கே சின்ன பலூனை ஊதி, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை விரித்துவைத்தார்கள். நூல் கயிறானது. கொஞ்ச நேரத்தில் தாடைவலி வடிந்தது. பிடுங்கி எறிந்த பல்லிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் நடந்திருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் அந்த அம்மாவிடம்தான் போனேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் சார், நின்னு நின்னு ஏறுவாரு. தோளு வலிக்குதுன்னாரு. மூட்டை தூக்கற ஆளுக்கு வலிக்காதான்னு சொல்லிட்டு நான் முன்னால போய்ட்டேன். மேல போய்த் திரும்பிப் பார்த்தா, ஆளு வரல." கையிலிருந்த புளியை உருட்டிக்கொண்டே இருந்தார். "அதுலேர்ந்து, மேட்டுல யார் நின்னாலும் எனக்கு வேலை ஓடாது."

நன்றி சொல்ல நாலு நல்ல வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கிலோ புளி கேட்டேன். ஒருமுறை நேரத்தில் திரும்பிப் பார்க்கத் தவறிய ஒருவரின் வேதனையில்தான் நான் இன்று உயிரோடு நடமாடுகிறேன். இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.