தலைகீழாய் விழுந்த வெங்காயம்

முதுகுவலியால் குனிய முடியாமல் தவித்த, என் கூடப்பிறந்த ராத்தாவுக்காகத்தான் சின்ன வெங்காயம் நடும் அந்த மெசினைச் செய்தேன். பழைய சைக்கிள் சில்லு, ஒரு பெயின்ட் வாளி, ஒரு பைப்புத் துண்டு, அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு போனால் நாலு விரல் இடைவெளியில் ஒவ்வொரு வெங்காயமாக விழும். ராத்தாவின் புருசன், என் மச்சான், மௌத்தாகிப் போனதிலிருந்து அந்தத் தோட்டந்தான் ராத்தாவின் சோறு. வைத்திருந்த விதை வெங்காயம் முழுவதையும் என்னை நம்பி வாளியில் கொட்டினார்.

பத்து நாளாகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. தோண்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வேர்ப்பக்கம் மேலேயும் முளைப்பக்கம் கீழேயுமாகக் கிடந்தன; பல அழுகியும்விட்டன. கையால் நடுகிறவர்களின் விரல் யோசிக்காமலே வெங்காயத்தைத் திருப்பிவிடும். நான் ஒருநாளும் நட்டவனில்லை. அதனால் அந்த விரலை மெசினில் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"மையத்தக்கூட குழியில கிப்லாப் பக்கம் முகத்தத் திருப்பித்தானே தம்பி வெக்கிற," என்றார் ராத்தா. "நீ வெங்காயத்தச் சும்மா கொட்டிட்டுப் போயிட்டாய்."

"திரும்ப நடுவம் ராத்தா."

"எத நட? விதையெல்லாம் மண்ணுக்குள்ள கெடக்கு."

ராத்தா மண்ணில் முழங்காலிட்டு, அழுகாததைத் தேடித் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி நட்டார். அந்த முதுகை வளைத்துத்தான் நட்டார்.